டொனால்ட் குளோவர்: ஸ்டாண்ட்-அப் மேடையை விட்டுப் போனாரா, கூடவே எடுத்துப் போனாரா?

#1 செவிச்செல்வம்

வணக்கம் நண்பர்களே. 2025 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஓர் இசை விழாவில் அமெரிக்க நடிகரும் பாடகருமான டொனால்ட் குளோவர் பேசிய காணொளியை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். 2024இல் அவருடைய உலகச் சுற்றுப்பயணம் தொடங்கிய சில வாரங்களிலேயே நின்றுபோனது. உடல்நிலை சரியில்லை என்று மட்டும்தான் அப்போது அறிவித்தார். ஓராண்டு கழித்து இந்த மேடையில்தான் விவரம் சொன்னார். கடும் தலைவலியோடு ஒரு நிகழ்ச்சியை நடத்தி முடித்திருக்கிறார். ஹூஸ்டனில் மருத்துவமனைக்குப் போனபோது, பக்கவாதம் வந்திருக்கிறது என்றார்கள். பிறகு இதயத்தில் துளை இருப்பதும் தெரிய வந்திருக்கிறது.

அதை அவர் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். டாக்டர் சொன்னதும் முதலில் தோன்றியது, 'இதிலும் ஜேமி ஃபாக்ஸைத்தான் காப்பியடிக்கிறேனா' என்பது. (ஃபாக்ஸும் ஸ்டாண்ட்-அப்பில் தொடங்கி, நடித்து, பாடி, 'ரே' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். 2023இல் அவருக்கும் பக்கவாதம் வந்தது.) சிரிப்புக்கு ஒரு மூச்சு இடம் விட்டுவிட்டு, இல்லை, அது இரண்டாவதாகத் தோன்றியது என்று திருத்துகிறார். முதலில் தோன்றியது, எல்லாரையும் ஏமாற்றிவிட்டோமே என்பதாம்.

பாட்டுக் கச்சேரியின் நடுவே சொன்ன இரண்டே வாக்கியம். கட்டமைப்பு அப்படியே ஸ்டாண்ட்-அப். 'வியர்டோ' என்ற அவருடைய ஒரு மணி நேர ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி 2011இல் வந்தது. அதற்கப்புறம் அப்படி ஒன்றை அவர் வெளியிடவில்லை. 'காமெடியை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனவர்' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நான் நினைப்பது இது. குளோவர் எழுத்து, நடிப்பு, ஸ்டாண்ட்-அப், ராப், பாட்டு, இயக்கம் என்று தொழில் தொழிலாகத் தாவியவர் இல்லை. அவரிடம் இருப்பது ஒரே திறமை, அது காது. சிறுவயதில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுன்டனில் வளர்ந்தார். பெற்றோர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள், வீட்டில் டிவிக்குத் தடை. அதனால் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் ஒலியை மட்டும் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். மஞ்சள் முகங்கள் இல்லை, ஓட்டம் இல்லை, விழுவது இல்லை. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, அடுத்த வசனம் எத்தனை விநாடி கழித்து விழுகிறது என்பது மட்டும்தான். நகைச்சுவையை அப்படிக் கற்ற பையனுக்கு அது ஒரு பாட்டு மாதிரிதானே பதிந்திருக்கும்?

பின்னாளில் அதே 'சிம்ப்சன்ஸ்' தொடருக்கு மாதிரியாக அவர் எழுதிப் பார்த்த ஒரு திரைக்கதைதான் அவருக்கு முதல் வேலையை வாங்கித் தந்தது. 2006, வயது 23, டீனா ஃபேயின் '30 ராக்' நகைச்சுவைத் தொடரின் எழுத்தாளர் குழு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

#2 கடைசிவரிசை

டேப் ரெக்கார்டர் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் 'கேம்ப்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறீர்களா சகோ?

'கேம்ப்' வந்தது 2011 நவம்பர். நீங்கள் சொல்லும் 'வியர்டோ' ஒளிபரப்பானதும் அதே மாதம். அந்த ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் இதழ் பத்துக்கு 1.6 மதிப்பெண் போட்டது. அந்த எண் கொஞ்சம் கொடூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றச்சாட்டு பொய்யில்லை. ஒவ்வொரு இரண்டு வரிக்கும் ஒரு சிலேடை. ஒரு பிரபலத்தின் பெயர், அதை வைத்து ஒரு வார்த்தை விளையாட்டு, உடனே அடுத்தது. கேட்பவன் மூச்சு விட இடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பையனின் வலி என்று அடியில் ஒரு நிஜமான விஷயம் இருக்கிறது. அந்த வலியை நாம் உணரத் தொடங்கும் போதெல்லாம் ஒரு ஜோக் வந்து மறைத்துவிடுகிறது.

ஹிப்-ஹாப்பை இருபது வருடமாகக் கேட்கிறேன். அந்த ஆல்பத்தில் கேட்டது ராப் பாடும் காமெடியன். நல்ல காது உள்ளவருக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா?

#3 மைக்பிடித்தவள்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நாலு வருடமாக வார இறுதிகளில் ஓப்பன் மைக் மேடைகளில் ஸ்டாண்ட்-அப் செய்கிறேன்.

புதிதாக மேடை ஏறுபவரின் பெரிய பயம் மௌனம். ஐந்து நிமிட செட் கொடுப்பார்கள். அதில் இருபது விநாடி சிரிப்பு வராவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். அதனால் என்ன செய்வோம்? பஞ்ச்சை, அதாவது சிரிப்பை வரவழைக்கும் வரியை, அடுக்குவோம். ஒன்று விழாவிட்டாலும் அடுத்தது விழும் என்று ஓடிக்கொண்டே இருப்போம். நான் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஒரு மூத்த கலைஞர் என் செட்டைக் கேட்டுவிட்டு, "ஜோக் நல்லா இருக்கு, ஆனா நீ அவங்களைச் சிரிக்க விடலையேம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். சிரிப்பு எழும்போதெல்லாம் அதன் மேலேயே அடுத்த வரியைப் பேசியிருந்தேன்.

'கேம்ப்'பில் இருப்பதும் அந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காது இல்லாததால் வந்த குறை இல்லை. அதே மாதத்து 'வியர்டோ'வைப் பாருங்கள். அங்கே அவர் அவசரப்படவில்லை. சிறுவயதுக் கதையை எடுக்கிறார், அம்மாவாகப் பேசுகிறார், குழந்தையாகப் பேசுகிறார், நிறுத்துகிறார், சிரிப்பு முழுசாக ஓயும்வரை காத்திருக்கிறார். அந்த மேடை அவருக்குப் பழகிய இடம், ராப் அப்போது பழகாத இடம். பழகாத இடத்தில் எல்லாரும் கையில் இருக்கும் ஆயுதத்தைத்தான் வீசுவார்கள். அவர் கையில் இருந்தது பஞ்ச்லைன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2011 வசந்த காலத்தில் அவர் ஒரு சுற்றுப்பயணம் போனார். ஒரே நிகழ்ச்சியில் ஸ்டாண்ட்-அப், ராப், வீடியோ ஸ்கெட்ச் மூன்றும். ஸ்டாண்ட்-அப்புக்கு வரும் கூட்டம் உட்கார்ந்து காதைக் கொடுக்கும், பாட்டுக்கு வரும் கூட்டம் நின்று ஆடும். ஒரே ராத்திரியில் அந்த இரண்டையும் கேட்டு வாங்குவது எவ்வளவு சிரமம் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த வயதில் அதைச் செய்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#4 தொடர்பிரியை

'கம்யூனிட்டி' ரசிகை ஆஜர். அந்த நகைச்சுவைத் தொடரில் குளோவர் நடித்த ட்ராய் பார்ன்ஸை யாரும் இன்னும் பேசவில்லையே!

முதல் சீசனின் இரண்டாவது எபிசோட் முடிவில் ட்ராயும் அபெத்தும் சேர்ந்து அரைகுறை ஸ்பானிஷில் ராப் பாடுவார்கள். அரை நிமிடம்தான் இருக்கும். நான் முதலில் பார்த்தபோது வெறும் கோமாளித்தனம் என்று நினைத்தேன். செவிச்செல்வம் சொன்னதை வைத்து மறுபடி பார்த்தால், குளோவர் தாளத்தை ஓர் இடத்தில்கூடத் தவறவிடவில்லை. வார்த்தைகளுக்கு அர்த்தமே இல்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது. சந்தம்தான் சிரிக்க வைக்கிறது.

#5 பியானோக்கட்டை

தொடர்பிரியை 'கம்யூனிட்டி'யைத் தொட்டுவிட்டதால் நான் காத்திருந்த விஷயத்துக்கு வழி கிடைத்தது.

அந்தத் தொடரின் பின்னணி இசை யார் தெரியுமா? லுட்விக் யோரன்சன். ஸ்வீடனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் படிக்க வந்த இளைஞர். 2009இல் தொடர் தொடங்கியபோது அவரும் புதுசு, குளோவரும் புதுசு. நடிகராக இருந்த குளோவர், 'நான் பாட்டு செய்கிறேன், உதவி செய்ய முடியுமா' என்று போய்ப் பேச, அங்கே தொடங்கியது அந்தக் கூட்டு. 'கேம்ப்', 'பிகாஸ் தி இன்டர்நெட்', 'அவேக்கன், மை லவ்!', 'திஸ் இஸ் அமெரிக்கா' எல்லாவற்றிலும் யோரன்சன் இருக்கிறார். 'பிளாக் பாந்தர்', 'ஓப்பன்ஹைமர்' இரண்டுக்கும் ஆஸ்கார் வாங்கியவர் அவரேதான்.

கடைசிவரிசை சொன்னதற்கு என் பதில் இங்கிருந்துதான் வருகிறது. 2011இல் 1.6 வாங்கியவர், அடுத்த ஆல்பத்துக்கு இன்னும் பெயர்போன தயாரிப்பாளரைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. அதே ஆளோடு உட்கார்ந்தார். வீடியோ இயக்க ஹீரோ முராய் வந்தார், அவரையும் விடவில்லை. 2013இல் குளோவருடைய இசைக்காகக் குறும்படம் எடுத்த முராய்தான் பிறகு 'அட்லாண்டா' தொடரின் முதன்மை இயக்குநர், 'திஸ் இஸ் அமெரிக்கா' வீடியோவின் இயக்குநரும். தம்பி ஸ்டீபன் குளோவர் எழுத்தில் கூடவே இருக்கிறார். கூட்டாக வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே ஆட்களோடு பத்து வருடம் வாசித்தால் ஒருவர் எப்போது மூச்சு எடுப்பார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்போதுதான் துணிந்து நிறுத்த முடியும்.

'அவேக்கன், மை லவ்!' 2016 டிசம்பரில் வந்தது. ராப்பே கிடையாது. முழுக்கப் பாட்டு. எழுபதுகளின் ஃபங்க், ஃபங்கடெலிக் குழுவின் வாசம். சின்ன வயதில் அப்பா போட்ட இசைத்தட்டுகளைக் கேட்டு, என்னவென்று புரியாமலே ஏதோ உணர்ந்த அந்த நிலையைத்தான் பிடிக்க முயன்றதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறுபடியும் காதில் விழுந்ததுதான். 'ரெட்போன்' பாட்டை ஹெட்போன் போட்டு ஒருமுறை கேளுங்கள். பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுற்றிலும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து அமர்கிறது. அவசரமே இல்லை. குரல் நுழைவதற்கு முன் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார் பாருங்கள். மைக்பிடித்தவள் சொன்ன அந்தப் 'பயம்' இங்கே துளியும் இல்லை. அந்தப் பாட்டுக்கு 2018இல் கிராமி கிடைத்தது.

அப்புறம், 'கெட் அவுட்' படத்தின் தொடக்கத்தில், நாயகனை அவன் வீட்டில் காட்டும்போது ஒலிப்பது இதே 'ரெட்போன்'. அந்தப் படத்தை எடுத்த ஜோர்டன் பீலும் ஸ்கெட்ச் காமெடியில் வளர்ந்தவர். திகில் படத்துக்குள் இந்தப் பாட்டு எப்படிப் பொருந்தும் என்று கேட்டவுடனே பிடித்தவர் இன்னொரு காமெடியன் என்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

#6 கடைசிவரிசை

மேலே இருப்பதை எல்லாம் படித்தேன். 'ரெட்போன்' பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, அது மிக நல்ல பாட்டு.

ஆனால் என் வாதம் இதனால் பலம்தான் பெறுகிறது. அவர் பஞ்ச்லைனைக் கைவிட்ட பிறகுதான் பாட்டு வளர்ந்தது. அப்படியென்றால் ஸ்டாண்ட்-அப்பை விட்டார் என்றுதானே பொருள்?

2013 அக்டோபரையும் நினைவுபடுத்துகிறேன். ஓட்டல் அறைக் கடிதத் தாள்களில் கையால் எழுதி, படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அவருடைய பயங்களின் பட்டியல். எதிர்காலம் பற்றி, தன்னை யாருக்கும் பிடிக்காமல் போவது பற்றி, செய்வதை எல்லாம் பின்னால் தானே வெறுத்துவிடுவோமோ என்பது பற்றி. 'கம்யூனிட்டி'யிலிருந்து ராப்புக்காக விலகவில்லை, தனியாக நிற்க விரும்பினேன் என்றும் எழுதியிருந்தார். அந்தத் தாள்களில் ஒரு ஜோக்குக்கான முயற்சிகூட எனக்குத் தெரியவில்லை. அந்த வருட டிசம்பரில் 'பிகாஸ் தி இன்டர்நெட்' வந்தது, கூடவே படிக்க ஒரு முழுத் திரைக்கதையும் கொடுத்தார். நான் அவரை மதிக்கத் தொடங்கியது அங்கேதான். சிரிக்க வைக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்ததை நான் பார்த்தேன்.

#7 மைக்பிடித்தவள்

நீங்கள் பஞ்ச்லைனையும் ஸ்டாண்ட்-அப்பையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறீர்கள், அங்கேதான் நாம் பிரிகிறோம்.

ஸ்டாண்ட்-அப்பின் உயிர், கூட்டம் எங்கே பார்க்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது. ஒரு பக்கம் பார்க்க வைத்துவிட்டு இன்னொரு பக்கத்திலிருந்து வருவது. முடிவில் சிரிப்பு வரலாம், வேறேதாவதும் வரலாம்.

'திஸ் இஸ் அமெரிக்கா' வீடியோவின் முதல் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெற்றுக் கிடங்கு. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார். சேர்ந்திசைக் குரல்கள் இதமாக இருக்கின்றன. குளோவர் சட்டையில்லாமல் ஆடிக்கொண்டே வருகிறார், முகத்தைக் கோணுகிறார், இடுப்பை வெட்டுகிறார். நம் உதட்டில் சிரிப்பு வரத் தொடங்கிவிடும். கை முதுகுப் பக்கம் போகிறது, துப்பாக்கி வருகிறது, அதே நாற்காலியில் இப்போது தலை மூடப்பட்டு உட்கார்ந்திருப்பவரைச் சுடுகிறார். அதே நொடியில் பாட்டின் அடித்தளம் மாறி, கனத்த பேஸ் இறங்குகிறது. ஒரு பையன் ஓடிவந்து சிவப்புத் துணியில் துப்பாக்கியைப் பத்திரமாக வாங்கிக்கொள்கிறான், உடலைத் தரையில் இழுத்துப் போகிறார்கள். குளோவர் மறுபடி ஆடுகிறார்.

இது முன்னேற்பாடு, திருப்பம், அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி அடுத்ததற்குப் போவது. எந்த ஓப்பன் மைக்கிலும் நாங்கள் பழகுவது இதைத்தான். அவர் அதைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைத்தார், அவ்வளவுதான். பின்பாதியில் ஓர் இடத்தில் கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டுவார், பாட்டு நின்றுவிடும். பல விநாடிகள் எதுவுமே கேட்காது. மௌனத்துக்குப் பயந்து பஞ்ச்சை அடுக்கியவர் இப்போது அந்த மௌனத்தையே கொண்டுவந்து வைக்கிறார். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

#8 கடைசிவரிசை

சரி. அந்த வீடியோவை இந்தக் கண்ணோடு நான் பார்த்ததில்லை. இன்று ராத்திரி மறுபடி பார்க்கிறேன்.

#9 செவிச்செல்வம்

அந்தப் பாட்டு வெளிவந்த ராத்திரியையும் சேர்த்துப் பாருங்கள். 2018 மே 5, சனிக்கிழமை. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியை அன்று தொகுத்தவர் டொனால்ட் குளோவர். பாட வந்த விருந்தினர் சைல்டிஷ் கேம்பினோ. இரண்டும் ஒரே ஆள், கேம்பினோ என்பது பாட்டுக்கு அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர். முதலில் வந்து ஜோக் சொல்கிறார், ஸ்கெட்ச்களில் நடிக்கிறார், நடுவே மேடை மாறி 'திஸ் இஸ் அமெரிக்கா'வை முதல்முறையாகப் பாடுகிறார். வீடியோவும் அதே ராத்திரி இணையத்தில் வருகிறது. முன்பு 2011இல் ஒரே நிகழ்ச்சியில் மூன்றையும் வைத்துச் சுற்றினார் என்று மைக்பிடித்தவள் எழுதினாரே, ஏழு வருடம் கழித்து அதையேதான் நாடு முழுக்கப் பார்க்க நேரலையில் செய்தார்.

பாட்டு நேராக பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. 2019 பிப்ரவரி கிராமியில் நான்கு விருதுகள். ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல் என்ற இரண்டு பெரிய விருதுகளையும் ஒரு ராப் பாட்டு வாங்கியது அதுவே முதல்முறை. குளோவர் விழாவுக்குப் போகவில்லை. மேடையேறி வாங்கிக்கொண்டவர் யோரன்சன். அதற்குப் பதினான்கு நாள் கழித்து 'பிளாக் பாந்தர்' ஆஸ்கார்.

அந்த மே மாதத்தில்தான் 'சோலோ' படத்தில் லாண்டோவாகவும் வந்தார், அடுத்த வருடம் 'லயன் கிங்' சிம்பாவின் குரல். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. நன்றாகவே செய்தார், ஆனால் அவர் இல்லாவிட்டாலும் அந்தப் படங்கள் வந்திருக்கும்.

#10 நெய்தல்

இடையில் ஒரு சின்ன விஷயம். காமெடியன் பாட வந்தால் 'இவருக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. நம் சந்திரபாபுவை நினைத்துக்கொண்டேன். நகைச்சுவை நடிகர் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடினோம். யோட்லிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்த அந்தக் குரலை, அவர் போன பிறகுதான் பாடகராகவும் பேசத் தொடங்கினோம். அவர் நடிப்பிலும் சிரிப்பு காலிலிருந்தும் தாளத்திலிருந்தும்தான் வரும். தொடருங்கள்.

#11 கடைசிவரிசை

நெய்தல், ரொம்பச் சரி. அவர் பாடிய சோகப் பாட்டுகளைக் கேட்டால் காமெடியன் பாடுகிறார் என்று யாருக்கும் தோன்றாது.

#12 தொடர்பிரியை

இப்போது 'அட்லாண்டா'. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரியது இதுதான், இந்த இழையில் இவ்வளவு தள்ளி வந்ததே எனக்கு வருத்தம்.

2016 செப்டம்பரில் தொடங்கி 2022 நவம்பரில் முடிந்தது, நான்கு சீசன். அட்லாண்டாவில் ஆல்ஃபிரெட் என்ற ராப் பாடகன், 'பேப்பர் பாய்' என்று பெயர். அவனுக்கு மேனேஜராக ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரன் எர்ன், கையில் காசில்லை, தங்க நிரந்தர இடமில்லை. குளோவர் நடித்தது எர்னாக. கவனியுங்கள், நிஜத்தில் ஆல்பம் போட்ட ராப்பர் அவர். தொடரில் ராப்பராக நடிப்பவர் பிரையன் டைரி ஹென்றி. மைக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் ஓரமாக நின்று கேட்கிறார். பல எபிசோடுகளில் எர்ன் வருவதே இல்லை.

பஞ்ச்லைன் விஷயத்துக்கு வருகிறேன். '30 ராக்'கில் நிமிடத்துக்கு எத்தனை ஜோக் என்று எண்ணிக் களைத்துவிடுவோம், அவ்வளவு அடர்த்தி. மூன்று வருடம் அந்தப் பட்டறையில் இருந்தவர், 'அட்லாண்டா'வில் ஜோக்கைச் சொல்லிவிட்டு கேமராவை நகர்த்த மாட்டார். எதிரில் இருப்பவரின் முகத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். சிரிப்பதா பயப்படுவதா என்று நமக்கே தெரியாது. 2017இல் நகைச்சுவைத் தொடருக்கான சிறந்த நடிகர் எம்மியோடு இயக்கத்துக்கான எம்மியும் கிடைத்தது. அந்தப் பிரிவில் இயக்குநர் விருது வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். '30 ராக்' வேலை அவருக்குக் கிடைத்ததில் தொலைக்காட்சி நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் திட்டத்துக்கும் பங்கு இருந்தது. அவருடைய சம்பளம் தொடரின் கணக்கில் வராது என்பதை டீனா ஃபேயே பின்னால் ஒரு பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். 23 வயதில் ஓர் அறைக்குள் நுழைந்து, 'என் எழுத்துக்காகக் கூப்பிட்டார்களா, என் நிறத்துக்காகவா' என்ற கேள்வியோடு தினமும் ஜோக் எழுதுவது எப்படி இருந்திருக்கும்? பத்து வருடம் கழித்து 'அட்லாண்டா'வுக்கு அவர் அமைத்த எழுத்தாளர் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். அந்தக் கேள்வியை அங்கே யாரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்களில் பலருக்குத் தொலைக்காட்சிக்கு எழுதிய முன் அனுபவம் இல்லை. தொடர் வேறு மாதிரி ஒலிப்பதற்கு அது பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

#13 முதல்மழை

நான் இந்தக் களத்துக்குப் புதிது. இவர் செய்த எதையும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. இந்த இழையைப் படித்த பிறகு தொடங்க வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

#14 செவிச்செல்வம்

வருக! ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். நான் 'அட்லாண்டா' இரண்டாவது சீசனின் 'டெடி பெர்கின்ஸ்' எபிசோடைச் சொல்வேன். முன்கதை தெரிய வேண்டாம். குளோவர் எழுதியது, முராய் இயக்கியது. 2018 ஏப்ரலில் விளம்பர இடைவெளியே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். டேரியஸ் என்ற பாத்திரம், வண்ணக் கட்டைகள் பதித்த ஒரு பியானோவை இலவசமாக எடுத்துக்கொள்ள ஒரு பெரிய மாளிகைக்குப் போகிறான். அங்கே வெளுத்த முகத்தோடு ஒரு விசித்திர மனிதர் இருக்கிறார். அந்த மனிதர் கனத்த ஒப்பனைக்குள் இருக்கும் குளோவர்தான், ஆனால் டைட்டிலில் அவர் பெயர் அந்த வேடத்துக்கு வராது. அப்பாவிடம் அடி வாங்கி இசை கற்ற ஒரு பிள்ளையின் கதை அது, இதற்குமேல் சொல்லமாட்டேன்.

பாட்டென்றால் 'ரெட்போன்'. அதற்கப்புறம் 'கேம்ப்'பையும் கேளுங்கள், தவிர்க்காதீர்கள். எங்கிருந்து வந்தார் என்பது தெரிந்தால்தான் மற்றதன் அருமை புரியும்.

#15 பியானோக்கட்டை

'டெடி பெர்கின்ஸ்' என்றால் ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள் முதல்மழை, நிஜமாகவே சொல்கிறேன்.

கடைசிவரிசைக்கு ஒரு தகவல். 2017இலேயே அடுத்த ஆல்பத்தோடு கேம்பினோ பெயரை முடித்துக்கொள்வேன் என்று மேடையில் அறிவித்தார். 2024 ஜூலையில் வந்த 'பாண்டோ ஸ்டோன்' அந்தப் பெயரில் கடைசி ஆல்பம் என்று அறிவிக்கப்பட்டதுதான். அதற்காகக் கிளம்பிய பயணம்தான் பாதியில் நின்றது. சரியாக விடைபெற முடியாமல் போன ஒரு கலைஞரின் வருத்தம் அந்த 2025 பேச்சில் இருக்கிறது. 'எல்லாரையும் ஏமாற்றிவிட்டோமே' என்பதை நான் அப்படித்தான் கேட்டேன்.

#16 கடைசிவரிசை

வீடியோவை நேற்றிரவு மூன்று முறை பார்த்தேன். மைக்பிடித்தவள் சொன்ன அந்த மௌனத்தில் நானும் நின்றுவிட்டேன்.

'கேம்ப்' நல்ல ஆல்பம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் 'விட்டார்' என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஜேமி ஃபாக்ஸ் வாக்கியத்தை மறுபடி கேட்டேன். அந்தச் சிரிப்பு இல்லாமல் நேராக இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லியிருந்தால், இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

#17 முதல்மழை

பார்த்துவிட்டேன். பியானோக்கட்டை எச்சரித்தபடி பகலில்தான்.

பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. முதல் பதிவில் இருந்த அந்தச் சிறுவன் மாதிரி, திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் மறுபடி ஓடவிட்டேன். தொடக்கத்தில் காருக்குள் ஸ்டீவி வொண்டர் பாட்டு, நல்ல வெயில் நாள் மாதிரி. வீட்டுக்குள் போனதும் பாட்டு இல்லை. காலடிச் சத்தம் எதிரொலிக்கிறது. டெடியின் குரல் ரொம்ப மெல்லியது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி விடுகிறது. படத்தோடு பார்த்தபோது அந்த முகத்துக்குத்தான் பயந்தேன். இப்போது அந்த இடைவெளிகளுக்குப் பயந்தேன்.

பிறகு தீக்கோழி முட்டை வரும் இடம். ஓடு உடைவது, அதன் ஈரம், விரல் உள்ளே போவது, வாய்ச்சத்தம். அதற்கு டேரியஸ் எதுவும் சொல்வதில்லை. அந்த அமைதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பார்த்தபோது அங்கே நான் சிரிக்கவே இல்லை. அம்மா அடுத்த அறையிலிருந்து வந்து, "என்னடா கேட்டுட்டிருக்கே, சிரிக்கிறே?" என்றார். முட்டை சாப்பிடுகிறார்கள் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவரும் கேட்டார்.